சுகமாயிருந்தவர்களின் ரத்தம்

பேச்சி, அழகு, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஒருவர் படிக்க ஒருவர் கேட்டாலும் சரி.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அழகு, பையை மூலையில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே கொல்லைப்பக்கம் போய்விட்டான். பேச்சிதான் வந்து விஷயத்தைச் சொன்னாள். "உங்க அப்பன் சாவை உங்க மாமன் வாங்கிக்கிட்டுப் போயிட்டான்" என்று கூடப் படிக்கிற பையன் ஒருவன் சொன்னானாம். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். வீட்டில் கேட்டதைத்தானே சொல்லியிருப்பான். சேவுக மாமனை அடக்கம் செய்த அன்றே கிளம்பிய பேச்சு அது. உங்கள் அம்மா காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து அவள் தன் பிறந்த ஊர்க் கருப்பு கோயில் பக்கம் போவதில்லை. ஏன் என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள்.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன். டாக்டர் சொன்னதில் எனக்கு விளங்கியதை மட்டும் சொல்கிறேன்.

உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம். நாம் அப்போதும் கோச்சடையில்தான் இருந்தோம். ஆனி மாதத்தில் என் கால்களில் சிரங்கு கண்டது. வேப்பிலை அரைத்துப் பூசினேன், காய்ந்துவிட்டது. சிரங்கு போயிற்று என்று பஞ்சு மில்லுக்கு வேலைக்குக்கூடப் போய்வந்தேன். பிறகு ஒருநாள் காலையில் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், இமைகள் ஊதிக் கண்கள் வெறும் கீறலாக இருந்தன. மூக்கு உள்ளே போய்விட்டது. யாரோ தெரியாத ஆள் என் பனியனைப் போட்டுக்கொண்டு நிற்கிறான் என்று தோன்றியது. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினேன். பேச்சி, நீ வாசற்படியில் நின்றாய். என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்பா எங்க?" என்று என்னிடமே கேட்டாய்.

உனக்கு அது நினைவிருக்காது. எனக்கு நோய் என்றாலே முதலில் அந்தக் கேள்விதான் காதில் கேட்கிறது.

உங்கள் அம்மா ஓடி வந்தாள். "என்னங்க, மூஞ்சி இப்பிடி ஊதிக் கெடக்கு? தேள் கீள் கொட்டுச்சா?"

தேள் எதுவும் கொட்டவில்லை. ஆனால் ஒன்றுக்குப் போனால் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போயிற்று. அதுவும் கொஞ்சம்தான். அன்றைக்கே ஜட்கா வண்டி வைத்து வைகையைத் தாண்டி, வடகரையில் ஒரு டாக்டர் சொந்தமாக நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை.

முன்னறையில் நீள பெஞ்சு போட்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் மடியிலும் துண்டால் மூடிய ஒரு பாட்டில் இருந்தது. உள்ளே இருப்பது இன்னதென்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எல்லாரும் குழந்தையை மூடி வைத்திருப்பதுபோல மூடி வைத்திருந்தார்கள். என் பாட்டிலை டாக்டர் வாங்கி, அதில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காட்டினார். சூடு ஏற ஏற அது முட்டை வெள்ளை வேகிறாற்போலத் திரிந்து கட்டியாயிற்று. என் உடம்பிலிருந்து வந்தது என் கண் முன்னால் வெந்ததைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டர் பொறுமைசாலி. குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், ஒரு சல்லடை என்று சொன்னார். நாம் தின்கிற கறியும் பருப்பும் உடம்பில் எரிந்து செலவான பிறகு மிஞ்சுகிற கழிவுக்கு யூரியா என்று பெயராம். குண்டிக்காய் அதைச் சலித்து வெளியே தள்ளும். சல்லடை அடைத்துக்கொண்டால் அந்தக் கழிவு ரத்தத்திலேயே தேங்கிவிடும். சிரங்கின் விஷம் சில பேருக்கு அந்தச் சல்லடையைப் புண்ணாக்கிவிடும் என்றார். உப்பு கூடாது, பருப்பு கூடாது, படுக்கையை விட்டு எழுந்திருக்கவும் கூடாது. என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, முழங்கை மடிப்பில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்.

அந்த ரத்தத்தை என்ன செய்வார் என்பதையும் பிறகு எனக்குக் காட்டினார். நம் வேலியில் படருமே வாளவரை, அதன் விதையை மாவாக்கி ரத்தத்தோடு சேர்ப்பார்கள். அந்த மாவு யூரியாவைப் பிரித்துவிடும். அதன்மேல் ஒரு மருந்தை விட்டால் மஞ்சள் நிறம் வரும். எம்புட்டு மஞ்சளோ அம்புட்டு யூரியா. எவ்வளவு என்று நிறத்தை ஒத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் என் ரத்தத்தைப் பார்த்த டாக்டர் மோவாயைத் தடவிக்கொண்டே நின்றார்.

"புஸ்தகத்துல ஒரு கோடு போட்டிருக்கான். அதுக்குக் கீழே இருந்தா சுகம், மேலே போனா நோய். உங்க ரத்தம் கோட்டைக் கொஞ்சமாத் தாண்டியிருக்கு."

"அப்ப எனக்கு நோயிதானுங்களே?"

"அங்கதான் எனக்குச் சந்தேகம். அந்தக் கோடு குளிர் தேசத்துக்காரன் ரத்தத்தைப் பார்த்துப் போட்டது. அவன் தினமும் மாமிசம் தின்கிறவன். நீங்க கஞ்சியும் கம்பஞ்சோறும் சாப்பிடறவர். உங்களுக்குச் சுகமான அளவு எதுன்னு எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. உங்க வயசுல, உங்க சாப்பாடு சாப்பிடற சுகமான ஆளுங்க ரத்தத்தைப் பார்த்தாத்தான் நம்ம கோடு எங்க இருக்குன்னு தெரியும்."

கோடு எங்கே இருக்கிறது என்பதில்தான் என் உயிர் இருந்தது. எனக்கு நோய் இன்னும் உள்ளே இருந்தால் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நோய் இருக்கும்போதே எழுந்து நடந்து உப்புத் தின்றால் சல்லடை அடியோடு போய்விடும்.

ஆள் பிடிக்கிற வேலையைச் சேவுகன் எடுத்துக்கொண்டான். உங்கள் அம்மாவின் தம்பி. திருவாதவூருக்குப் பக்கத்தில் காட்டு வேலை. ஒரு மூட்டை நெல்லை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் போடுவான். நான் படுத்ததும் நம் வீட்டில் வந்து தங்கி, தினமும் மத்தியானம் எனக்கு உப்பில்லாத கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். "மச்சான், மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிங்க. இதையெல்லாம் ருசி பாக்கக் கூடாது" என்பான். நம் வீட்டிலும் அந்த நாட்களில் உலையில் உப்பு விழவில்லை. அவர் தின்னாததை நாம் எப்படித் தின்பது என்று உங்கள் அம்மா உங்களுக்குக்கூட உப்பில்லாமல்தான் போட்டாளாம். எனக்கு அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சேவுகனும் அவன் கூட்டாளிகளும் வந்தார்கள். ஏழெட்டுப் பேர். எல்லாரும் குளித்து விபூதி பூசி, வெறும் வயிற்றோடு வந்திருந்தார்கள். சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். எப்போதும் கூச்சல் போடுகிற ஆட்கள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எப்பவும் சாப்பிடுறதுதேன் சாமி" என்றான் சேவுகன். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். சின்னச் சின்னச் சீசாக்களில் ரத்தம் வரிசையாக நின்றது. ஆட்களைப் பார்த்தால் ஒருவன் கறுப்பு, ஒருவன் சிவப்பு, ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. சீசாவுக்குள் போன பிறகு எவனுடையது எது என்று சொல்ல முடியாது. என்னுடையதும் அந்த வரிசையின் கடைசியில் இருந்தது.

மறுநாள் டாக்டர் சிரித்த முகத்தோடு வந்தார். "நான் நினைச்சது சரி. வந்த ஆளுங்க அத்தனை பேருக்கும் ஏறக்குறைய உங்க அளவுதான். இது உங்களுக்குச் சுகமான அளவு. திங்கக்கிழமை வீட்டுக்குப் போகலாம். உப்புப் போட்டுச் சாப்பிடலாம்."

உங்கள் அம்மா அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். ஆனால் எனக்குள் ஒன்று சரிப்படவில்லை. அன்று காலையிலும் என் கண் முழுதாகத் திறக்கவில்லை. வாயில் கசப்பு. உடம்பு எனக்குச் சொல்வது ஒன்று, ரத்தம் டாக்டருக்குச் சொன்னது வேறொன்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஆட்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். கட்டில் காலடியில் ஒவ்வொருவராக நின்று, "வாரோம் அண்ணே" என்று சொல்லிப் போனார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாருக்கும் என் அளவு. எனக்குள் இருப்பது இவர்களுக்குள்ளும் இருக்கிறதா? முகத்துக்கு மட்டும் இன்னும் வரவில்லையா? வெற்றிலை போட்ட வாயோடு சிரித்துக்கொண்டு போகிற இந்த ஆட்களெல்லாம் நாளைக்குக் கண்ணாடியைக் கவிழ்த்து வைப்பார்களா? அப்படி நினைத்ததும் பகல் வெளிச்சத்திலேயே எனக்குக் குளிர் எடுத்தது. யாரையும் தொடாமல் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

கடைசியில் சேவுகன் மட்டும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். வயிற்றைத் தடவிக்கொண்டான்.

"மச்சான், நீங்க சொகமாகிட்டீக. எனக்குத்தான் நட்டம். இன்னும் ரெண்டு தடவ படுத்தீகன்னா இன்னும் ரெண்டு குடல் கொழம்பு கெடைக்கும்."

"என்ன குடல் கொழம்பு மாப்ள?"

நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிக்காகக் கருப்புக்குக் கடா வெட்டினால் அந்த நோயாளி எழுந்து நடக்கும்வரை அவனுக்கும் சொல்லக் கூடாது, வெளி ஆளுக்கும் சொல்லக் கூடாது. சொன்னால் நேர்த்தி பலிக்காது. நான் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மெதுவாகச் சொன்னான். உங்கள் அம்மா எனக்காகக் கடா நேர்ந்திருந்தாள். ஊசிக்குப் போகும் ஆட்கள் உடம்பில் ரத்தம் குறைந்துவிடக் கூடாது என்று முதல்நாள் சாயங்காலமே வெட்டிவிட்டார்கள். ரத்தப் பொரியல், ஈரல், குடல் என்று எல்லாரும் வயிறுமுட்டத் தின்றிருக்கிறார்கள். மிச்சத்தை ராத்திரியும் தின்றிருக்கிறார்கள்.

"அம்புட்டும் உங்களுக்காகத்தேன் தின்னோம்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே சந்தேகமும் வந்தது. கறி எரிந்த கழிவுதானே யூரியா? வருஷத்தில் நாலு நாள் கறி தின்கிற ஆட்கள் வயிறுமுட்டத் தின்ற மறுநாள் ரத்தம் கொடுத்தால், அது குளிர் தேசத்துக்காரன் ரத்தமாகத்தானே இருக்கும்? நானோ பல நாளாகப் பருப்புக்கூடத் தொடாதவன். கறி தின்றவர்களும் கஞ்சி குடித்தவனும் ஒரே அளவில் இருந்தால், கஞ்சி குடித்தவனுக்கு நோய் இன்னும் போகவில்லை என்றுதானே அர்த்தம்?

டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். சேவுகன் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் கோபிக்கவில்லை. "கோயிலுக்குப் போனீங்களான்னு நான் கேக்கலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "படுங்க, படுங்க" என்று அவசரமாகத் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார். திங்கட்கிழமை நான் வீட்டுக்குப் போகவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அதே ஆட்கள் மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை கறி இல்லை, வழக்கமான சாப்பாடு. டாக்டர் தேடிய கோடு அப்போதுதான் கிடைத்தது. புஸ்தகத்துக் கோட்டுக்கு அது வெகு கீழே இருந்தது. என் ரத்தம் அதற்கு வெகு மேலே. அந்தக் கோடு கிடைத்ததால்தான் நான் இன்னும் பல வாரம் மல்லாந்து படுத்துக் கிடந்தேன். அதனால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன்.

ஆனால் டாக்டர் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் இறங்கிடுச்சு. ஒருத்தருக்கு மட்டும் இறங்கலை" என்றார். வாசலைப் பார்த்தார்.

வாசலில் கஞ்சித் தூக்கோடு சேவுகன் நின்றான். பின்னால் வெயில். அதுவரை நான் அவனைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்று அப்போது தோன்றியது. கறுத்த தோலுக்குக் கீழே ஒரு வெளிறல். கண்ணுக்கடியில் லேசான உப்பல். முதல் தடவையும் எல்லாரையும்விட அவனுக்குத்தான் கூடுதலாம். மற்றவர்கள் எல்லாருக்கும் கூடியிருந்ததால் அவனுடையது தனியாகத் தெரியவில்லை.

டாக்டர் அவனை உட்கார வைத்து, ராத்திரி எத்தனை தடவை ஒன்றுக்கு எழுந்திருப்பாய், தலை வலிக்குமா, எத்தனை நாளாக என்று கேட்டுக்கொண்டே போனார். அவன் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றான்.

"அது வருசக்கணக்கா இருக்குங்க. எல்லாருக்கும் இருக்கிறதுதானே."

"இன்னிக்கே இங்க படுக்கணும்" என்றார் டாக்டர்.

"எனக்கா? சீசாவை மாத்திட்டீகளா சாமி?" என்று சேவுகன் சிரித்தான். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. வேடிக்கைக்குப் போய் அதில் மல்லாந்து படுத்து, காலை நீட்டிக் கண்ணை மூடி, கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டான். "இப்பிடித்தானே மச்சான் படுக்கணும்?"

அந்த நேரம் பார்த்து உங்கள் அம்மா உள்ளே வந்தாள். இரண்டு கட்டிலையும் பார்த்தாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள் தம்பி. இரண்டுக்கும் நடுவில் வந்தாள். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றாள்.

"எந்திரிடா" என்றாள் கடைசியில். "எந்திரிச்சுத் தொலடா, எரும."

அவன் எழுந்துவிட்டான். நடவு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வாரேன் என்று போனான். டாக்டர் வாசல்வரை கூடவே போய்ச் சொல்லிப் பார்த்தார். மூட்டை தூக்குகிறவனிடம் நீ நோயாளி என்று சொன்னால் நம்புவானா? நானே பாதிதான் நம்பினேன்.

ஐப்பசியில் எனக்கு முகம் வடிந்தது. ரத்தம் கோட்டுக்குக் கீழே வந்தது. நீ என்னை அடையாளம் கண்டு, "அப்பா" என்று கூப்பிட்டாய், பேச்சி.

தை மாதம் சேவுகனை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஓயாத வாந்தி. மூச்சில் ஒன்றுக்கு நாற்றம். நான் கிடந்த கட்டில்தான் காலியாக இருந்தது. அதில் படுக்க வைத்தார்கள். கஞ்சித் தூக்கோடு இப்போது நான் போனேன். நான் அவனுக்குக் கஞ்சி புகட்டியதையும், அவன் எனக்குப் புகட்டியதையும் அந்த அறை வித்தியாசம் பார்க்கவில்லை. ஜன்னல் வெயில் அதே இடத்தில்தான் விழுந்தது.

ஒருநாள் தெளிவாக இருந்தபோது டாக்டரைக் கேட்டான். "சாமி, சொகமான ஆளுக கணக்குல என்னையச் சேத்திருக்கீகளா?"

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "இல்லப்பா. உன்னை எடுத்துட்டேன். உன்னைச் சேர்த்தா கோடு தப்பாப் போயிடும்."

சேவுகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தீகளா மச்சான், சேக்க மாட்டேங்கிறாக. சரி விடுங்க. கோட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு ஆளு வேணும்ல."

இரண்டு நாளில் போய்விட்டான்.

அடக்கத்தன்று ஒப்பாரி வைத்தவர்களில் ஒருத்தி, ரத்தத்தைக் கொடுத்து மச்சான் உசுரை வாங்கினாயே என்று பாடினாள். அழுகிறவர்கள் பாட்டுக்கு ஏற்றபடி எதையாவது சொல்வார்கள். ஆனால் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் அம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு தடவை சொன்னாள்: "கருப்பா, நான் ஆட்டைத்தானே குடுத்தேன்." அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதில்லை.

இதற்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் மாமனுக்கு நோய் என் நோய்க்கு வெகுநாள் முன்பே இருந்தது. ஊசி அதை உள்ளே போடவில்லை. உள்ளே இருந்ததைப் பார்த்தது, அவ்வளவுதான். அவன் எடுத்துக்கொடுத்த ரத்தம் உள்ளங்கை அளவுகூட இல்லை. கடாவைத் தின்றதும் அவனைக் கொல்லவில்லை. முதல் தடவையே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று நான் டாக்டரைக் கேட்டேன். அந்தச் சல்லடை கெட்டுப் பல வருஷமாயிற்று, அதற்கு மருந்து யாரிடமும் இல்லை என்றார். உயிருக்கு உயிர் மாறவில்லை. இரண்டு பேருக்கு ஒரே இடத்தில் நோய், ஒன்று ஆறுகிற நோய், ஒன்று ஆறாத நோய். இனி யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம்.

அம்மாவிடமும் இதை எத்தனையோ முறை சொன்னேன். தலையை ஆட்டுவாள்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் வண்டி ஏறிய பிறகு, பஸ்ஸில் வாரேன் என்று நான் மட்டும் பின்தங்கினேன். நல்ல உச்சி வெயில். கண்மாய்க் கரையை ஒட்டி அவனை வைத்த இடத்துக்குப் போனேன். மண் இன்னும் இறுகவில்லை. ஆள் யாரும் இல்லை, ஆடு மாடுகூட இல்லை. கருவேலமரத்தில் ஒரு முள்ளை ஒடித்து என் பெருவிரலில் குத்தினேன். ரத்தம் வரும்வரை அழுத்திப் பிடித்து, அவன் தலைமாட்டில் ஒரு சொட்டு விட்டேன். மண் அதை உடனே இழுத்துக்கொண்டது. இன்னொரு சொட்டு விட்டேன். பிறகு விரலை வாயில் வைத்துக்கொண்டு, பஸ் வருகிற பாதைக்கு நடந்தேன்.